ஆளோலை முதல் விடுதலைச் சான்று வரை

சாலைக் கம்போளத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவனுக்கு வரலாற்றுக் கட்டுரை எழுத என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்ல. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் மாமாவின் கடைக்குக் கணக்கு எழுதத் திருவனந்தபுரம் வந்தவன். இன்று அறுபதைத் தாண்டிவிட்டேன். கடை சாத்திய பிறகு படித்ததுதான் என் படிப்பு.

ஆனால் ஒரு சங்கதி எனக்கு நன்றாகத் தெரியும். அது சீட்டின் மகிமை. பில், ரசீது, புரோநோட்டு, பற்றுச்சீட்டு என்று நாற்பது வருஷத்துக்கு மேல் தாள்களோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். கடன் தீர்ந்தால் மட்டும் போதாது, தீர்ந்தது என்று எழுதி வாங்கினால்தான் தீர்ந்தது. இது வியாபாரியின் முதல் பாடம். இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மனிதரை மனிதர் விற்ற கதையையும், விற்கப்பட்டவரைச் சட்டம் எப்படித் தாங்கியது, எங்கே கைவிட்டது என்ற கதையையும் நம் ஊரை நடுவில் வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் கற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

விலைக்குப் போன மனிதர்கள்

தமிழர்களிடையே அடிமை முறை இருந்ததா என்று கேட்டால் பலரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். கல்வெட்டும் ஓலையும் வேறு சொல்கின்றன. தஞ்சைத் தரணியில் திருப்பாம்புரம் கோயில் கல்வெட்டு ஒன்று 1201ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தம்மையும் தம் இரண்டு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதை அது பதிவு செய்கிறது. கும்பி வற்றிய காலத்தில் சோறு வேண்டும். சோற்றுக்கு விலையாக உடம்பு போயிற்று.

பெரியபுராணத்தில் சுந்தரரின் கதையை நாம் பக்தியோடு கேட்கிறோம். அதற்குள் ஒரு முழு வழக்கு விசாரணை இருப்பதைக் கவனித்தவர் குறைவு. கல்யாணப் பந்தலுக்கு ஒரு கிழவர் வருகிறார். "இவன் என் அடிமை, ஓலை இருக்கிறது" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்து எறிகிறார். கிழவர் அசையவில்லை. கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபை கூடுகிறது. பாட்டனாரின் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒத்துப் பார்க்கிறது. ஓலை செல்லும் என்று தீர்ப்பாகிறது. வந்தவர் இறைவன் என்பதால் நமக்கு மனம் நிறைகிறது. வந்தவர் வெறும் மனிதராக இருந்திருந்தால்? அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. கிழிப்பதால் அடிமைத்தனம் தீராது. மூலவோலை எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் பேசுவான்.

நம் பக்கத்துக்கு வருவோம். நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், கடைசியில் திருவிதாங்கூர் - கொச்சியோடும் இருந்தது நம்மவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைச்சுவடிகளை முதலில் தேடிப் படியெடுத்தவர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்த அதே கவிமணிதான். அந்த முதலியார் ஓலைகளைப் பின்னாளில் விரிவாக ஆராய்ந்து நூலாக்கியவர் முனைவர் அ.கா. பெருமாள். நிலம் விற்ற ஓலை, வரி கட்டிய ஓலை இவற்றோடு, ஆணையும் பெண்ணையும் விற்ற ஓலைகளும், ஒற்றி வைத்த ஓலைகளும் அவற்றில் உண்டு. ஒரு வியாபாரியாக அதைப் படிக்கும்போது எனக்கு உடம்பு கூசியது. ஏனென்றால் அந்த வாசகத்தின் நடை எனக்குப் பழக்கமான நடை. விற்றவர் பேர், வாங்கியவர் பேர், விலை, சாட்சி. எல்லாம் இருக்கும். விற்கப்பட்டவர் கையெழுத்து மட்டும் இருக்காது. அவர் கைக்கு ஒரு படியும் போகாது.

அஞ்சரக்கண்டிக்குப் போன பிள்ளைகள்

இனி, ஆள் கடத்தல் என்று இன்று நாம் சொல்கிற குற்றத்துக்கு எதிராக நம் பிரதேசத்தில் சட்டம் கை நீட்டிய ஒரு பழைய சம்பவத்தைப் பார்ப்போம்.

கண்ணூர் ஜில்லாவில் அஞ்சரக்கண்டி என்ற ஊர். அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம் போட்டது. மிளகும் இலவங்கப்பட்டையும் வளர்ந்த அந்தத் தோட்டம் பிறகு மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரரின் கைக்கு வந்தது. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். ஆள் எங்கிருந்து வந்தது? திருவிதாங்கூரிலிருந்து. ஆலப்புழையில் இருந்த அவருடைய ஏஜண்டு மூலமாகப் பிள்ளைகள் வாங்கப்பட்டும் திருடப்பட்டும் வடக்கே போனார்கள். பிறப்பிலேயே அடிமையாக எண்ணப்பட்ட சாதிப் பிள்ளைகள் மட்டுமல்ல, சுதந்திரமான குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளும் அதில் உண்டு.

அப்போது வட மலபார் மாஜிஸ்திரேட் தாமஸ் ஹார்வி பேபர். பழசி ராஜாவின் முடிவோடு சேர்த்துக் கேரள வரலாற்றில் பேசப்படும் அதே பேபர்தான். 1811 - 1812 வாக்கில் அவர் இந்த விஷயத்தைக் கையில் எடுத்தார். அஞ்சரக்கண்டியில் தேடுதல் நடந்தது. பின்னாளில் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழுவுக்குத் தந்த சாட்சியத்தில் அவர் சொன்ன கணக்கு இது: திருடிக் கொண்டுபோகப்பட்ட 123 பேரை அவர் விடுவித்துச் சொந்த நாட்டுக்கு அனுப்பினார், அவர்களில் 71 பேர் ஒரே ஒரு பிரிட்டிஷ் பிரஜையின் வசத்தில் இருந்தவர்கள்.

இது லேசில் நடந்த காரியம் அல்ல. பிரவுன் செல்வாக்கு உள்ளவர். வழக்கு, எதிர்வழக்கு என்று இழுத்தடித்தது. மேலே இருந்த பிராவின்ஷியல் கோர்ட்டே பேபருக்கு உதவவில்லை, தடையாகத்தான் நின்றது. நான் விலை கொடுத்து வாங்கினேன், அடிமை வைத்திருப்பது இந்த நாட்டு வழக்கம்தானே என்பதுதான் அந்தக் காலத்தில் வாங்கியவர்களின் பொதுவான வாதம். கெட்ட சரக்கை வாங்கிவிட்டு "நான் காசு கொடுத்தேனே" என்று சாதிக்கிற குரல்தான் அது. திருட்டுச் சரக்குக்குப் பில் இருந்தாலும் சரக்கு திருட்டுச் சரக்குதான். இதைக் கம்போளத்தில் கூலிக்காரர் முதல் முதலாளி வரை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். மனிதர் விஷயத்தில் இதை ஒத்துக்கொள்ளக் கோர்ட்டுகளுக்கே காலம் பிடித்தது.

பேபர் பெரிய காரியம் செய்தார், சந்தேகமில்லை. ஆனால் ஊர் திரும்பிய அந்த 123 பேரை நினைத்துப் பார்க்கிறேன். பல பிள்ளைகளுக்கு வீட்டு அடையாளமே மறந்திருக்கும். சாதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில், அந்நிய இடத்தில் உண்டு உறங்கிய பிள்ளையை வீட்டுக்குள் சேர்ப்பார்களா? மறுபடி ஒரு தரகன் வந்து கையைப் பிடித்தால், "நான் விடுதலையானவன்" என்று காட்ட அவர்களிடம் என்ன இருந்தது?

மூன்று விளம்பரங்கள்

ஏறத்தாழ அதே காலத்தில் திருவனந்தபுரத்தில் ராணி கௌரி லட்சுமி பாயி ஆட்சி. ரெசிடெண்டாக இருந்த கர்னல் ஜான் மன்றோவே 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்தார். சில்லாக் கோர்ட்டுகள் ஏற்பட்டதும், சட்ட வரியோலா என்ற விதிகள் எழுதப்பட்டதும் அப்போதுதான். 1812இல் ராணியின் விளம்பரம் அடிமை வாங்கல் விற்றலைத் தடை செய்தது. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை. நிலத்தோடு சேர்ந்த அடிமைகளுக்கு, அதாவது புலையர், பறையர், பள்ளர், குறவர் முதலான வயல் வேலை மக்களுக்கு, அந்த விடுதலை பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டார்கள். நாற்று நட்டவர்கள் எல்லாரும் வெளியே நின்றார்கள் என்று அர்த்தம்.

எத்தனை பேர்? 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருவிதாங்கூரின் ஜனத்தொகை 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864. எட்டுப் பேரில் ஒருவர் என்று சொல்லலாம். சர்க்காருக்கே சொந்தமாக அடிமைகள் இருந்தார்கள்.

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் வந்தது. ரொம்பச் சின்னச் சட்டம், நான்கே பிரிவுகள். அடிமை என்று சொல்லி ஒருவரை எந்த அதிகாரியும் ஏலம் போடக்கூடாது. அடிமை உரிமை கோரி வரும் எந்த வழக்கையும் எந்தக் கோர்ட்டும் ஏற்கக்கூடாது. அடிமை என்ற காரணத்தால் ஒருவரின் சொத்தைப் பறிக்கக்கூடாது. சுதந்திரமானவருக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் அடிமைக்குச் செய்தாலும் குற்றமே. அவ்வளவுதான். இதில் அடிமை வைத்திருப்பவனுக்கு ஜெயில் என்று ஒரு வார்த்தை கிடையாது. வியாபாரியாக எனக்கு இதன் சூட்சுமம் புரிகிறது. கோர்ட் ஏற்காத புரோநோட்டு வெறும் காகிதம். ஓலையைச் சட்டம் கிழிக்கவில்லை, செல்லாக்காசாக்கியது. தண்டனை அதற்குப் பின்னால் வந்தது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 370ஆம் பிரிவில், ஒருவரை அடிமையாக வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஏழு வருஷம் வரை சிறை என்றது.

திருவிதாங்கூரில் 1847இல் மிஷனரிமார்கள் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி மகாராஜாவுக்கு மனு கொடுத்தார்கள். ரெசிடெண்ட் ஜெனரல் கல்லனும் மதராஸ் சர்க்காரும் நெருக்கினார்கள். நிலம் வைத்திருந்தவர்களின் எதிர்ப்பும் இருந்தது. 1853இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் விளம்பரம் வந்தது. சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்று அது அறிவித்தது. போதவில்லை. 1855 ஜூன் 24, அதாவது கொல்லம் 1030 மிதுனம் 12ஆம் தேதி, முழு விலக்கு வந்தது. 1843 சட்டத்தின் சாரம் இதிலும் இருந்தது. பழவங்காடி வழியாகக் கோட்டைக்குள் நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தேதி நினைவுக்கு வரும். இந்தத் தேதிக்கு நம் நகரத்தில் ஒரு விழா எடுத்தால் என்ன என்றும் தோன்றும்.

நஷ்ட ஈடு யாருக்கு?

இங்கேதான் வாசகர்கள் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். பிரிட்டன் 1833இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபோது இரண்டு கோடி பவுன் நஷ்ட ஈடு கொடுத்தது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. விடுதலையானவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. கம்பெனியின் இந்தியப் பகுதியும் இலங்கையும் அந்தச் சட்டத்திலிருந்தே விலக்கப்பட்டிருந்தன.

திருவிதாங்கூரிலும் 1855இல் விடுதலையானவர்களுக்கு நிலமும் தரவில்லை, தாளும் தரவில்லை. காலையில் அடிமை, மாலையில் சுதந்திர மனிதர். ராத்திரி கஞ்சிக்கு அதே ஜன்மியின் வாசல். இதற்கு விதிவிலக்கான ஒரு நல்ல காட்சி நாகர்கோவிலில் உண்டு. 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் அங்கே பெண்களுக்குச் சரிகை லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைப் பெண்கள் சிலர் அந்த லேஸ் கூலியைச் சேர்த்து வைத்துத் தங்களையே விலைக்கு வாங்கி விடுதலை பெற்றார்கள். தன்னைத் தானே வாங்குவது! கேட்கவே கொடுமைதான். ஆனாலும் கையில் தொழிலும் காசும் இருந்ததால் அந்த விடுதலை நிலைத்தது.

மறுபக்கம், ஓலை வேறு வேஷத்தில் திரும்பி வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் மக்களிடையே 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விட்டுவிடுகிறேன் என்று தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டு. கடனை யார் தலையில் ஏற்றுவது என்பது கங்காணி கையில். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மனிதர்கள் கடனோடு கைமாறினார்கள். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். ஆளோலை என்ற பேர் இல்லை. வேலை அதே வேலை.

என் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி

இவ்வளவும் மற்றவர் கதை. இனி என் கதையைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

1988. மாமா தவறிய பிறகு கடை என் பொறுப்பில். மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து ஒரு தரகர் பதிமூன்று வயசுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார். "நல்ல பையன் மொதலாளி, அப்பனுக்கு ஆயிரத்து ஐந்நூறு முன்பணம் குடுத்தாப் போதும், ரெண்டு வருஷம் அசைய மாட்டான்" என்றார். நானும் கொடுத்தேன். 'பையன் வகை முன்பணம் ரூ. 1,500' என்று பேரேட்டில் என் கையாலேயே எழுதினேன். பையன் கடைப் பின்கட்டில் புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளை தேய்ப்பான். வேளைக்குச் சோறு போட்டேன், அடித்ததில்லை. அதையே பெரிய தர்மம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகட்டுமா என்று கேட்டான். "முன்பணம் கழியட்டும்டா" என்றேன்.

வஞ்சியூர் கோர்ட்டில் வக்கீலாக இருந்த நாகர்கோவில்காரி அம்மா ஒருவர் குத்துவிளக்கு வாங்க வந்தார். பையனின் விரல்களைப் பார்த்தார். எந்த ஊர், எத்தனை வயசு, எப்போ ஊருக்குப் போனாய் என்று அவனிடம் மெல்ல விசாரித்தார். பிறகு என்னிடம் வந்து, "அண்ணாச்சி, அந்தப் பேரேட்டைக் கொஞ்சம் காட்டுங்கோ" என்றார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த வரி செல்லாத வரி. பிள்ளையோட வேலையை அடகு வைக்கிற ஒப்பந்தம் செல்லாதுன்னு 1933லேயே சட்டம் இருக்கு. முன்பணம் குடுத்து ஆளைப் பிடிச்சு வச்சா அது கொத்தடிமை. 1976 சட்டப்படி அந்தக் கடனே கிடையாது. நீங்க நல்லவர்தான். ஆனா இது ஆளோலை, அண்ணாச்சி."

எனக்கு முகம் செத்துவிட்டது. மறுநாளே பையனுக்குச் சேர வேண்டிய கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து, வேட்டி சட்டை எடுத்து, பஸ் ஏற்றிவிட்டேன். பேரேட்டில் அந்த வரியைக் குறுக்கே அடித்தேன். பாவம் கழுவியாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலு மாசம் கழித்து மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போனபோது, மனசு கேட்காமல் அந்தக் கிராமத்துக்குப் போனேன். பையன் வீட்டில் இல்லை. அவன் அம்மா சொன்னார்: "தரகர் வந்தாருய்யா. மொதலாளி முன்பணம் கழியலைன்னு சொல்றாரு, பாக்கி நிக்குதுன்னு சொல்லி வேற ஊருக்கு முறுக்குப் போடக் கூட்டிட்டுப் போயிட்டாரு. நாங்க என்னத்தக் காட்டி இல்லைன்னு சொல்றது?"

ஒரு டம்ளர் விற்றாலும் பில் போடுகிறவன் நான். அந்தக் குடும்பத்துக்கு 'கடன் தீர்ந்தது' என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கத் தோன்றவில்லை. என் பேரேட்டில் வரியை அடித்தேன். அது என் மனச்சாந்திக்கு. படியோலையைக் கிழித்துவிட்டு வந்திருக்கிறேன். மூலவோலை தரகர் வாயில் இருந்திருக்கிறது. அன்றைக்கே திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வக்கீலம்மா மனு எழுதினார். அதிகாரிகளுக்குத் தந்தியும் கடிதமும் பறந்தன. அடுத்த பொங்கல் கழித்துத்தான் பையன் வீடு சேர்ந்தான். அந்த இடைப்பட்ட மாதங்கள் என் பற்றில் நிற்கின்றன. அது கழியாத பாக்கி.

இன்றைய சட்டம் தரும் தாள்கள்

அதற்குப் பிறகுதான் நான் சட்டப் புத்தகம் வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் சங்கக் குடும்பங்களில் யாருக்காவது ஒரு நாள் பயன்படலாம்.

மனித வணிகத்தையும் கட்டாய வேலையையும் தடை செய்வது நம் அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு. அடிப்படை உரிமைகளில் ஒன்று அது. பாலியல் வணிகத்துக்காகப் பெண்களைக் கடத்துவதைத் தடுக்க 1956இல் ஒரு சட்டம் வந்து, 1986இல் திருத்தப்பட்டது. அதில் ஒரு குறை: பொது இடத்தில் அழைத்தாள் என்ற பிரிவில், மீட்கப்பட வேண்டிய பெண்ணே குற்றவாளிக் கூண்டில் நின்ற வழக்குகள் ஏராளம். 2013இல் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு முழுவதும் திருத்தி எழுதப்பட்டது. கடத்தினால் குறைந்தது ஏழு வருஷம். பிள்ளையைக் கடத்தினால் குறைந்தது பத்து வருஷம். முக்கியமாக, 'அவள் சம்மதித்துத்தானே வந்தாள்' என்ற வாதம் செல்லாது என்று எழுதிவிட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 143ஆவது பிரிவு.

இதெல்லாம் கடத்தியவனுக்கு. மீண்டவருக்கு என்ன? நான்கு தாள்களைச் சொல்வேன்.

முதல் தாள், வக்கீல். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆவது பிரிவில், மனித வணிகத்துக்கு ஆளானவருக்கு இலவச வக்கீல் உண்டு என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. வருமானக் கணக்குக் கேட்கக்கூடாது. ஒவ்வொரு ஜில்லாவிலும் இதற்கு ஆணையம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். இதற்கென்றே தேசிய ஆணையம் 2015இல் தனித் திட்டமும் வகுத்தது.

இரண்டாம் தாள், விடுதலைச் சான்று. கொத்தடிமையாக இருந்தவரை அதிகாரி விசாரித்து, இவர் கடன் முழுவதும் ஒழிந்தது, இவர் சுதந்திரமானவர் என்று எழுதிக் கொடுக்கும் சான்றிதழ். 1976 சட்டப்படி, கடன் என்று ஒன்று இருந்தால் அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பாரம் கொடுத்தவன் தலையில்தான். இந்தச் சான்று இல்லாவிட்டால் தரகன் திரும்ப வருவான். நான் கண்ணால் கண்டது.

மூன்றாம் தாள், மறுவாழ்வுத் தொகை. 2016ஆம் ஆண்டு மத்தியத் திட்டப்படி மீட்கப்பட்ட ஆணுக்கு ரூ. 1 லட்சம், பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ரூ. 2 லட்சம், பாலியல் சுரண்டல், ஆள் கடத்தல் போன்ற கடுமையான நிலையில் ரூ. 3 லட்சம். உடனடி உதவி முதலில் ரூ. 20,000 வரை என்று இருந்து, பின்னர் ரூ. 30,000 வரை ஆனது. ஆனால் முழுத் தொகையை வழக்கின் முடிவோடு முடிச்சுப் போட்டதால், பலர் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நான்காம் தாள், இழப்பீடு. 2008இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்த 357ஏ பிரிவு. இன்றைய புதிய சட்டத்தில் 396. கடத்தியவன் பிடிபடாவிட்டாலும், பேர் தெரியாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் சட்டப் பணிகள் ஆணையத்தில் நேரே விண்ணப்பிக்கலாம். 1833இல் நஷ்ட ஈடு முதலாளிக்குப் போனதை நினைத்துப் பாருங்கள். 175 வருஷம் கழித்துத்தான் தாளில் பேர் மாறியிருக்கிறது.

சாட்சி சொல்வதிலும் ஒரு மாற்றம். ஒரு மாநிலத்தில் மீட்கப்பட்ட பிள்ளை ஊர் திரும்பிய பிறகு, சாட்சி சொல்ல ஆயிரம் மைல் போக வேண்டும். போக முடியாமல் வழக்கு விழும். 2022இல் உச்ச நீதிமன்றம், கடத்தப்பட்ட பிள்ளைகள் தங்கள் ஜில்லாவிலிருந்தே காணொலி வழியாகச் சாட்சி சொல்ல வழிமுறை வகுத்தது. நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வாழ்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

எல்லாம் நிறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மீட்பு, பாதுகாப்பு, மறுவாழ்வு மூன்றையும் ஒரே சட்டத்தில் கொண்டுவர 2018இல் ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறியது. மேலவைக்குப் போகாமல் 2019இல் காலாவதியானது. சான்று கேட்டு நடையாய் நடப்பவர்கள் இன்னும் உண்டு.

சந்தனையின் சங்கிலி

எங்கள் வீடுகளில் ஸ்ரீபுராணம் வாசிப்பார்கள். அதில் சந்தனை என்ற ராஜகுமாரியின் கதை வரும். கடத்தப்பட்டு, கௌசாம்பி நகரத்து வணிகர் வீட்டுக்கு வந்து சேர்கிறாள். வணிகரின் மனைவி சந்தேகப்பட்டு அவளைச் சங்கிலியில் பூட்டி வரகுச் சோறு போடுகிறாள். பகவான் மகாவீரர் ஆகாரத்துக்கு வரும்போது, அந்தச் சோற்றையே அவள் பக்தியோடு இடுகிறாள். சங்கிலி கழன்று விழுகிறது. சிறு வயதில் எனக்கு அந்தச் சங்கிலி கழன்ற இடம்தான் பிடிக்கும். இப்போது அதற்கு அடுத்த இடம் பிடிக்கிறது. சந்தனையை யாரும் வெறுமனே வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. மகாவீரரின் சங்கத்தில் ஆர்யிகைகள் அத்தனை பேருக்கும் அவள் தலைவியானாள். விற்கப்பட்டவளுக்கு ஒரு இடமும் ஒரு பேரும் கிடைத்தன.

தம்பானூர் ஸ்டேஷனில் தினமும் தமிழ்நாட்டிலிருந்தும் வடக்கிலிருந்தும் வேலை தேடி இறங்குகிற முகங்களை நாம் பார்க்கிறோம். நாமும் ஒரு நாள் அப்படி இறங்கியவர்கள்தான். நம் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் ஆள் வைக்கும்போது, தரகருக்கு முன்பணம் கொடுத்தோமா, அதை யார் பேரில் எழுதினோம், ஆளின் ஆதாரும் படிப்புச் சான்றும் யார் பெட்டியில் இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம். தப்பி வந்த ஒருவரைக் கண்டால் சோறு போடுவதோடு நில்லாமல், சட்டப் பணிகள் ஆணையத்தின் வாசல் வரை கூட நடக்கலாம். அங்கிருந்து திரும்பும்போது அவர் கையில் அவர் பேரில் ஒரு தாள் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

என் பழைய பேரேடு இன்னும் கடை அலமாரியில் இருக்கிறது. பிள்ளைகள் தூக்கிப் போடச் சொன்னார்கள், நான் விடவில்லை. குறுக்கே அடித்த அந்த வரிக்குப் பக்கத்தில், திண்ணையில் எழுதிக் கொடுத்த சீட்டின் தேதியையும் பின்னால் குறித்து வைத்திருக்கிறேன். புதிதாகக் கணக்கு எழுத வருகிறவர்களுக்கு முதல் நாள் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுகிறேன்.